மஞ்சள் தட்டில் ஒரு கேள்வி

ஜூலை 29, செவ்வாய்

குலுக்கலில் விழுந்த முப்பத்தாறு பெயர்களில் ஒன்று தேவானை, வயது 52, ஊரூர் குப்பம். முதலில் எனக்கு உறைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் இருந்த மங்கலான போட்டோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அட, நம்ம தேவானைக்கா! ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் எனக்கு மீன் கொடுப்பவள். கேட்காமலே ஆய்ந்து கொடுப்பாள். கடைசியில் ஒரு கை நெத்திலியைப் "பாப்பாவுக்கு" என்று மேலே போடுவாள்.

விஷயம் இதுதான். பெசன்ட் நகர் கடற்கரையில் சர்வதேச பீச் வாலிபால் போட்டி நடத்தலாமா என்று ஏற்பாட்டுக் குழு மக்களிடம் கேட்க விரும்புகிறது. ஐந்து வருடம், வருடத்துக்கு ஆறு வாரம், மணல்மேல் தற்காலிக ஸ்டேடியம். வீடு வீடாகப் போய் "ஆமாவா இல்லையா" என்று கேட்காமல், குலுக்கலில் எடுத்த சாதாரண ஜனங்களை உட்காரவைத்து, எல்லாத் தகவலும் கொடுத்து, பேசவிட்டு, பிறகு கருத்துக் கேட்பது. குடிமக்கள் மன்றம் என்று பெயர். நடத்திக் கொடுப்பது எங்கள் பெருங்குடி ஆபீஸ். நான்கு மேசை, மேசைக்கு ஒன்பது பேர், ஒரு நடத்துநர். மூன்றாம் மேசைக்கு நான். "டிக்கெட் கிழிப்பியா அம்மா?" என்கிறாள் என் பெண் ஷ்ரேயா.

எங்கள் ஆபீஸ் தலைவர் ஜவஹர் சார் காலையிலேயே கூப்பிட்டார். "மீனவர்னு வந்தது இந்த ஒரு பேர்தான் மதுமதி. இவங்களும் வரலேன்னா இது அடையார் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம் ஆயிடும். எப்படியாவது கூட்டிட்டு வா."

பதினொரு மணிக்கு, வியாபாரம் முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமயா? ஆடி மாச ஞாயித்துக்கெழமையில கூப்ட்றியேம்மா! அன்னிக்குத்தான் கூடையே காலியாவும்."

"நாலே நாலு ஞாயிறுதான்க்கா."

"நான் பேசி இன்னா ஆவப்போவுது? படிச்சவங்க பேசுவாங்க. நான் சும்மா குந்திக்கினு இருப்பேன்."

"நீங்க சொல்றது அப்படியே போய்ச் சேரும்க்கா. ஒரு வார்த்தை மாறாது. நான்தான் எழுதப்போறேன். நான் பொறுப்பு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நீ எழுதுவியா? அப்ப வரேன்."

வரும் வழியெல்லாம் பெருமையாக இருந்தது. இந்த வேலையில் பெருமைப்படும்படியான நாள்கள் எனக்குக் குறைவு.

ஜூலை 30, புதன்

நடத்துநர்களுக்கான படிவம். ஏழாவது கேள்வி: "தங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இப்போட்டியுடன் தொடர்பு உண்டா?"

ஷ்ரேயா அதே மணலில் மூன்று வருடமாக வாலிபால் ஆடுகிறாள். சென்னையில் நடந்தால் உள்ளூர் ஜூனியர் ஜோடிகள் இரண்டுக்கு நேரடி அனுமதி உண்டு. அவளும் மெஹக்கும் அதில் ஒரு ஜோடி என்று கோச் ஏறக்குறையச் சொல்லிவிட்டார். அது தொடர்பா? இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லையே. பதினாறு வயதுப் பெண்ணின் ஆசையை எல்லாம் படிவத்தில் எழுதுவார்களா என்ன?

"இல்லை" என்பதில் டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். முதல் அமர்வு. ஆடிப் பெருக்கு அன்று கூட்டம் வைத்தது யார் என்று இரண்டு மாமிகள் சண்டை பிடித்தார்கள். நியாயம்தான்.

தேவானைக்கா வந்தாள். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறையக் கதம்பம். கல்யாண மண்டபம் என்று சொன்னதால் இப்படிக் கிளம்பிவிட்டாளா, அல்லது இப்படித்தான் வர வேண்டும் என்று நினைத்தாளா? அவள் பக்கத்து நாற்காலியில் ஷாஹுல் ஹமீது. ரங்கநாதன் தெருவில் பை கடை வைத்திருக்கிறார், அறுபது வயதிருக்கும். மரியாதையாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நகர்த்தினார். அவர் முழுக்க ஆதரவு. "ஜனம் வந்தா யாவாரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏற்பாட்டுக் குழு அதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார். போட்டி ஏப்ரல் 20 முதல் மே கடைசிவரை. "அது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போறது கிடையாது. அதனால மீனவர்களுக்குப் பாதிப்பே இல்லாத மாதிரி தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்று எங்கள் மேசையிலேயே இரண்டு பேர் சொன்னார்கள்.

தடை பெரிய விசைப்படகுகளுக்குத்தான். குப்பத்து ஃபைபர் படகுகள் அந்த நாளிலும் போகும். பெரிய படகு போகாததால் அப்போதுதான் இவர்களுக்கு நல்ல விலை. இது எனக்கு எப்படித் தெரியும்? வருடா வருடம் மே மாதத்தில் அங்கேதான் சங்கரா மீன் வாங்குகிறேன், விலையைக் கேட்டு அலறுகிறேன், அதனால் தெரியும்.

நடத்துநர் கருத்துச் சொல்லக்கூடாது, தகவலைத் திருத்தக்கூடாது. நடுநிலை. பயிற்சியில் மூன்று தடவை சொன்னார்கள். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நடுநிலை என்றால் வாயை மூடிக்கொள்வதா? யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று பேசினாள்.

அதிகாரி மேசை மேசையாக வந்தார். எங்களிடம் வந்து "வேற சந்தேகம்?" என்று கேட்டு எழுந்திருக்கப் போனபோது தேவானைக்கா கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் உயர்த்துவது போல முழங்கை நீட்டி.

"சார், தடை பெரிய போட்டுக்கு. எங்க போட்டு சின்ன போட்டு. அது தெனம் போவும். போவாதுன்னே வச்சிக்கோங்க. போவாத போட்டு எங்க நிக்கும்? கடல்லயா நிக்கும்? மணல்ல தானே நிக்கும்? அங்கதான நீங்க கொட்டாய் போட்றீங்க. அப்ப அந்த ஆறு வாரம் எங்க போட்டு எங்க நிக்கும்?"

ஷாஹுல் ஹமீது "அட" என்றார்.

அதிகாரி சிரித்த முகத்தோடு பேனாவை எடுத்தார். "ரொம்ப நல்ல கேள்விம்மா. குறிச்சுக்கறேன்." குறித்துக்கொண்டு நான்காம் மேசைக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாக, "எழுதிக்கினாரு இல்ல?" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைசி அமர்வு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒவ்வொருவரும் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். நடத்துநர் அதை அவர்கள் வார்த்தையிலேயே ஓர் அட்டையில் எழுதி, படித்துக் காட்டி, மூன்று தட்டுகளில் ஒன்றில் போட வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நிபந்தனையுடன் ஆதரவு.

எட்டுப் பேர் முடிந்தார்கள். தேவானைக்கா கடைசி.

"நடத்தணுமா வேணாமான்னு நான் அப்புறம் சொல்றேன். அந்த ஆறு வாரம் எங்க போட்டு எங்க நிக்கும்? அத மொதல்ல சொல்லுங்க."

அப்படியே எழுதினேன். படித்துக் காட்டினேன். "அதான்" என்றாள்.

இதை எந்தத் தட்டில் போடுவது? விதிப் புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது. முடிவு சொல்லாதவர் இருந்தால் தலைமை நடத்துநரிடம் தெரிவித்து, அந்த உறுப்பினருக்கு அரை மணி நேரம் அதிகாரியோடு பேச வாய்ப்புத் தர வேண்டும். அரை மணி! அப்போது ஐந்து இருபது. மண்டபத்து ஆட்கள் மாலை ரிசப்ஷனுக்காக எங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு ஷ்ரேயாவைப் பயிற்சியிலிருந்து அழைத்து வர வேண்டும். மேடையிலிருந்து ஜவஹர் சார், "மதுமதி டேபிள் மட்டும்தான் பாக்கி" என்றார்.

கை மஞ்சள் தட்டுக்குப் போனது.

"அது இன்னாம்மா, மஞ்சா?" என்று கேட்டாள்.

"உங்க கேள்விக்குப் பதில் வந்தப்புறம்தான் மேற்கொண்டு பேசுவாங்கன்னு அர்த்தம்க்கா."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை நான்.

அவள் என் கையைப் பிடித்து, "நல்லா எழுதிக் குடுத்தம்மா" என்றாள். ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

ஷ்ரேயாவை அழைக்க ஆறு பத்துக்குத்தான் போனேன். பத்து நிமிடம் தாமதம். அவள் அதைக் கவனிக்கவே இல்லை, மெஹக்கோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் அரை மணி ஆகியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒரு அட்டைதானே.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. "கடற்கரைப் போட்டிக்கு 36 பேரில் 29 பேர் ஆதரவு. மீனவர் தரப்பும் சம்மதம்."

பச்சை 17, மஞ்சள் 12. இரண்டையும் கூட்டிவிட்டார்கள். கூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வருடம் வேறொரு வேலையில் நானேதான் கூட்டினேன்.

ஷ்ரேயா பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மஸ்கட்டில் இருக்கும் அவள் அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ ஒர்க் பண்ணதும்மா இது!"

ஆமாம். நான் வேலை பார்த்ததுதான் இது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மீன் வாங்கப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே தெரிந்தது. வரிசையில் மூன்றாவதாக இருக்கும் தேவானைக்காவின் இடத்தில் வேறு கூடை. அவள் கோடியில், குப்பைத் தொட்டி ஓரமாக, தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கூடை வைக்கிற அளவு வெற்று இடம்.

வண்டியைத் திருப்பிவிட்டேன். சாஸ்திரி நகரில் கோழி வாங்கினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புரட்டாசி பிறந்துவிட்டது. "இந்த மாசம் நான்வெஜ் வேண்டாம்" என்று அறிவித்தேன். எங்கள் வீட்டில் என்றைக்குப் புரட்டாசி பார்த்தோம்? ஷ்ரேயா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், ஜுரமா என்று.

பெருமாளை வேறு இதில் இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றும் சாம்பார்.

அக்டோபர் 6, திங்கள்

ஷாஹுல் ஹமீது போன் செய்தார். அறிக்கையின் முழுப் பிரதி உறுப்பினர்களுக்குத் தபாலில் போயிருக்கிறது. மனிதர் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எங்க டேபிள்ல பச்சை நாலு, சிவப்பு ரெண்டு, மஞ்சள் மூணுன்னு போட்டிருக்கு. என்னைச் சேத்தா பச்சை நாலு, சரி. சிவப்பும் சரி. மஞ்சள் மூணுல ஒண்ணு யாரு? அந்தம்மாவா? அவங்க கேள்விதானே கேட்டாங்க? ஓகே சொல்லலியே?"

நான் ஏதோ உளறினேன். பகுப்பாய்வு முறை, வகைப்படுத்தல், அது இது என்று.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நான் ஆதரவு பார்ட்டிதான் மேடம். நடந்தா என் கடைக்கு நல்லது. ஆனா அந்தம்மா சொல்லாததைச் சொன்னதா எழுதி எனக்கு நல்லது நடக்க வேணாம். நீங்க பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

பெரியவங்களாம். தட்டில் போட்ட கை என்னுடையது.

அக்டோபர் 8, புதன்

பெருங்குடி. ஜவஹர் சாரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். ஏழாவது கேள்வியையும் சேர்த்து.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். எனக்கு வேலை கொடுத்து, பதினொரு வருடம் வைத்திருக்கும் மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு அட்டை மதுமதி. இருபத்தொன்பது இருபத்தெட்டு ஆகும். என்ன மாறிடும்?"

"எண்ணிக்கையால ஒண்ணும் மாறாது சார்."

"அப்புறம்?"

அவருடைய மேசையிலேயே ஏற்பாட்டுக் குழுவின் அனுமதி விண்ணப்ப நகல் கிடந்தது. நான் அதைப் பிரித்து நான்காம் பக்கத்தைக் காட்டினேன். "உள்ளூர் மீனவர் பிரதிநிதியின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. படகுகளை ஆறு வார காலத்துக்கு வேறு கரைக்கு மாற்றும் பணி தொடங்கப்படும்." முப்பத்தாறு பேரில் மீனவர் ஒரே ஒருத்தி. அந்த வாக்கியம் முழுக்க என் மஞ்சள் தட்டின்மேல் நிற்கிறது.

"அவங்க பிரதிநிதின்னு யாரும் தேர்ந்தெடுக்கலியே சார். நாம குலுக்கிப் போட்டோம்."

"எனக்கு யோசிக்க டைம் குடு" என்றார். பிறகு, நான் கதவருகே போனதும்: "ஃபார்ம்ல ஏன்மா பொய் சொன்னே? நீ சொல்லியிருந்தா வேற டேபிள் போட்டிருப்பேன், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். உண்மையிலேயே அவ்வளவுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஷ்ரேயாவிடம் சொன்னேன். அவள் ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகவா பண்ணே?"

"தெரியலடி. லேட் ஆச்சு, அவசரம்... அதுவும்தான். ஆனா நீ கட்டிக்கிட்டு ஆடினியே பேப்பர் வந்த அன்னிக்கு, அப்ப எனக்கு சந்தோஷமாவும் இருந்துது. அதனால தெரியல."

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதே. நான் கேட்டேனா? நான் ஜெயிச்சு போறேன்னுதானே நெனச்சிட்டிருந்தேன்." பிறகு வேறு குரலில்: "இப்போ போய்ச் சொல்லி அதையும் கெடுக்கப் போறியா?"

இரண்டும் நியாயம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 18, சனி

புரட்டாசி முடிந்துவிட்டது. இனி சாக்கு இல்லை. அடுத்து தீபாவளி இருக்கிறது, அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம். என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 26, ஞாயிறு

போனேன்.

இரண்டு நாள் மழை விட்டு மணல் ஈரமாக இருந்தது. தேவானைக்கா அதே கோடியில். கூடைமேல் பாலித்தீன் விரித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டுவாள் என்று தயாராகப் போனேன்.

"வாம்மா! இன்னா ஆளையே காணோம்? பாப்பா நல்லாக்கீதா?" பக்கத்தில் கிடந்த பலகையைத் தட்டிப் போட்டாள். "குந்து. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா பாத்துக்கினு கீறேன்."

உட்கார்ந்தேன்.

"நான் அன்னிக்கு இன்னா தப்பா பேசிட்டேன், நீயே சொல்லும்மா. நான் சரின்னுட்டேன்னு பேப்பர்ல போட்டுக்கீதாம். இவுளுங்க எல்லாம் எங்கிட்ட பேசறதில்ல. போட்ட விக்க நீ யாருடின்னு கேக்கறாளுங்க. நானும் யோசிச்சி யோசிச்சி பாக்கறேன். சரின்னு சொன்ன ஞாபகம் எனுக்கு வர்ல. பெரிய எடம், மைக்கு, ஜனம். பயத்துல வாய் தவறி சொல்லிட்டனோ? நீ எழுதினவ. உனுக்குத் தெரியும்."

ஒன்றரை மாதமாக இந்தப் பெண்மணி தன்மீதே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நீங்க தப்பா பேசலக்கா, நீங்க கேள்விதான் கேட்டீங்க, நான்தான் சம்மதம்னு போட்டேன், மஞ்சள்னா சம்மதம்னு அர்த்தம், நான் பொய் சொன்னேன், ஆறு மணிக்கு பொண்ணக் கூப்பிடப் போகணும்னு, அவ அந்தப் போட்டியில ஆடணும்னு எனக்கு ஆசை— எல்லாம் ஒரே மூச்சில். அழுதேன் போலிருக்கிறது. அவள் அழவில்லை.

கையிலிருந்த சங்கராவைக் கீழே வைத்தாள். கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எம் பேச்சு எம் பேச்சா இல்லாம பூட்ச்சேன்னு பைத்தியமா சுத்தினேன்" என்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அங்க சொல்லு." வரிசையைக் காட்டினாள். "ஏந்திரு. சத்தமா சொல்லு."

எழுந்தேன். பதினொரு பெண்கள், பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்கள். அதில் எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் அம்மாவும் கையில் பையோடு நின்றிருந்தாள். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "கேக்கல!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடி சொன்னேன். "தேவானைக்கா சம்மதம் சொல்லல. உங்க படகு எங்க நிக்கும்னுதான் கேட்டாங்க. சம்மதம்னு போட்டது நான்."

சந்திரிகா என்று ஒருத்தி, வரிசையில் இரண்டாவதாக உட்காருபவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்சவதான நீ?" என்றாள்.

மீன் வாங்காமல் வந்தேன். கேட்கத் தோன்றவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மன்றத்தின் மேற்பார்வைக் குழுவுக்குக் கடிதம். நடந்தது முழுவதும், ஏழாவது கேள்வி உட்பட, இரண்டு பக்கம். நகல் ஜவஹர் சாருக்கு. கூடவே ராஜினாமா. அவர் "அவசரப்படாதே" என்று ஒரு மெசேஜ் போட்டார். அரை மணி கழித்து, "ஏத்துக்கறேன்" என்று இன்னொன்று.

நவம்பர் 4, செவ்வாய்

தொண்ணூறு நாளுக்குள் ஐந்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மன்றத்தை மறுபடி கூட்டலாம் என்று விதி இருக்கிறது. நடத்துநராக இருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை. பை கடைக்காரர் கவனித்திருக்கிறார். மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் அலைந்து பதினான்கு கையெழுத்து வாங்கிவிட்டார். ஆடிப் பெருக்குக்குச் சண்டை போட்ட மாமிகள் இரண்டு பேரும் அதில் உண்டு.

தேவானைக்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாளாம். ஷாஹுல் ஹமீது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வர மாட்டேன். பொதன்கெழம வெய்யுங்க. மயிலாப்பூர் வரைக்கும் வர மாட்டேன். இங்க வாங்க."

இதுதான் நிபந்தனை. அன்றைக்கு அவள் சொன்னது நிபந்தனை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பதினொரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

ஷ்ரேயா தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "பால் இல்லை." "டியூஷன் போறேன்." இன்று காலை பயிற்சிக்குக் கிளம்பும்போது மட்டும் ஒரு கேள்வி: "அந்த அக்கா எடத்துல இன்னும் வேற ஆளா?"

தெரியவில்லை என்றேன். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நவம்பர் 19, புதன்

பெசன்ட் நகர் சமுதாயக் கூடம், காலை பதினொன்றரை. முப்பத்தாறு பேரில் முப்பத்தொருவர் வந்தார்கள். வேலை நாள், லீவு போட்டுக்கொண்டு. பின்னால் குப்பத்துப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். தேவானைக்கா இந்த முறை பட்டுப் புடவை கட்டவில்லை. நேராக வியாபாரத்திலிருந்து வந்திருந்தாள். முன் வரிசை மாமி ஒருத்தி மூக்கைப் பொத்தப் போய், பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

என்னை அழைத்தார்கள். பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். என் கையெழுத்து, நீல மை. படித்தேன். எந்தத் தட்டில் போட்டேன், ஏன் என்று சொன்னேன். போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். ஜவஹர் சார் என்னைப் பார்க்கவில்லை.

அதே அதிகாரி எழுந்தார். "அம்மா கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. கண்டிப்பா குறிச்சுக்கறோம்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தேவானைக்கா எழுந்து நின்றாள். கையை உயர்த்தவில்லை.

"எழுதாதீங்க சார். ஆவணில நீங்க ஒரு தபா எழுதினீங்க. அப்புறம் இந்தம்மா ஒரு தபா எழுதிச்சி. போதும். பேனாவ உள்ள வச்சிட்டு பதில் சொல்லுங்க. எங்க போட்டு எங்க நிக்கும்?"

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் ஃபைலைப் புரட்டினார். கடைசியில், "இடம் இன்னும் முடிவாகலம்மா" என்றார். சிரிக்கவில்லை.

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மன்றத்தார் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இந்தத் தடவை தட்டு இல்லை. அவரவர் எழுந்து அவரவர் வாயால் சொன்னார்கள். முப்பத்தொருவரில் இருபத்திரண்டு பேர், படகுகளுக்கு இடம் எதுவென்று எழுத்தில் தரும்வரை ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை என்றார்கள். ஷாஹுல் ஹமீது அதில் ஒருவர். ஏப்ரல் போட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

ஷ்ரேயாவிடம் நானே சொன்னேன். "சரி" என்றாள். பந்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். பார்க்கிங் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தாள், செயலாளர் அம்மா வந்து கத்தும்வரை.

நவம்பர் 23, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மீன் வாங்கப் போனேன்.

தேவானைக்கா வரிசையில், மூன்றாவதாக, தன் இடத்தில் இருந்தாள். இந்தப் பக்கம் சந்திரிகா, இருவரும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றதும் பேச்சு நின்றது.

"சங்கரா ஒரு கிலோக்கா."

எடுத்தாள், நிறுத்தாள், பையில் போட்டாள். விலை எல்லாருக்கும் சொல்லும் விலைதான். நெத்திலிக் கூடை பக்கத்திலேயே இருந்தது. அதன் பக்கம் கை போகவில்லை.

"ஆஞ்சு..." என்று ஆரம்பித்தேன்.

"டைம் இல்லமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புதிதாக வந்த ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அடுத்து நின்றவருக்கு அரிவாள்மணையை இழுத்து ஆய ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து பால்கனியில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். கத்தரிக்கோல், பழைய கத்தி. ஆறு வருடமாக மீன் சாப்பிடுகிறோம், எனக்கு ஒரு செதில் எடுக்கத் தெரியவில்லை. துடுப்பு விரலில் குத்தி ரத்தம் வந்தது. ஷ்ரேயா வந்து கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"அவங்க ஆஞ்சு தரலியா?"

"இல்ல."

"அடுத்த வாரமும் அங்கதான் போவியா?"

"அங்கதான் போவேன்."

உள்ளே போய்விட்டாள். ஒரு கிலோ சங்கரா ஆய எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. தேவானைக்காவுக்கு ஐந்து நிமிடம்.